இன்னொரு துண்டு மீன்

எங்கள் தெருவில் ரகசியம் பேசுகிறவர்கள் குரலைத் தாழ்த்த மாட்டார்கள், நிறுத்தியே விடுவார்கள். உதடு மட்டும் அசையும். எதிரில் இருப்பவர் அந்த உதட்டைப் பார்த்துத் தலையாட்டுவார், சிரிப்பார், சில சமயம் கையை ஓங்கிக்கொண்டும் வருவார். குடிவந்த புதிதில் இங்கே பாதிப் பேருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்றே நான் நினைத்தேன். மில்லில் தறிக்கொட்டகைக்குள் எல்லாத் தறியும் ஒன்றாக ஓடும்போது, காதில் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காதாம். அதனால் உள்ளே வேலைக்குப் போனவர்கள் எல்லாருமே உதட்டுப் பேச்சு கற்றுக்கொண்டார்கள். மில் மூடிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகியும் பழக்கம் போகவில்லை. குழாயடியிலிருந்து மாடி ஜன்னலுக்கு, ஒரு சத்தமும் இல்லாமல் மாமியார் குறையும் மருமகள் குறையும் போய்வந்துகொண்டிருக்கும். நான் கடிகாரமும் செல்போனும் ரிப்பேர் பண்ணுகிறவன், மில் வாசலை மிதித்தவன் இல்லை. என் எதிரிலேயே என்னைப் பற்றி என்னென்ன பேசியிருப்பார்களோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

நான் குடியிருப்பது நாலுதறியக்கா வீட்டு மாடியில். மற்றவர்கள் ரெண்டு தறி பார்த்தபோது இவள் நாலு பார்த்தவள், அதனால் அந்தப் பெயர். மில் போனபிறகு வீட்டிலேயே தலையணை உறை தைத்துக் கடைக்குக் கொடுக்கிறாள். அவள் வீட்டுக்காரர் தறிக்கொட்டகை மேஸ்திரி. மில்லை மூடின முதலாளிகள் அந்தக் காலிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையை அவருக்குத்தான் கொடுத்திருந்தார்கள். என் மாடிப்படி அவர்கள் அடுப்படிக்குள்ளிருந்துதான் ஏறும். சாப்பாடும் அங்கேயே.

அக்கா அருமையாகச் சமைப்பாள். ஆனால் உபசாரம் என்பது அவளிடம் கிடையாது. தட்டில் முதலில் வைப்பதோடு சரி. வேண்டுமென்றால் நாமே கேட்டு வாங்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ" என்று அவள் வாயிலிருந்து ஒரு நாளும் வந்து நான் கேட்டதில்லை.

"இவ கையால சாப்பிடறதும் பேங்க்ல பணம் எடுக்கறதும் ஒண்ணுதான், கடிகாரம். நாமளா எழுதிக் கேட்டாத்தான் வரும்" என்பார் மேஸ்திரி. என்னைக் கடிகாரம் என்றுதான் கூப்பிடுவார்.

அக்கா சிரிக்க மாட்டாள். பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு மறுபடி மிஷினில் உட்கார்ந்துவிடுவாள்.

எதிர்வீடு அவள் தங்கச்சியுடையது. கூடப்பிறந்த ஒரே தங்கச்சி. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை. நாள் பூராவும் கொதிநீரிலும் ஆவியிலும் நின்று, கை விரல்நுனி எல்லாம் வெளுத்துச் சுருங்கிப்போய்த்தான் வீடு திரும்புவாள். அவள் புருஷன் மில்லில் எண்ணெய்க்காரராக இருந்தவர். ஓடுகிற தறிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து எண்ணெய் விட்டே அவருக்குக் காது முக்கால்வாசி போய்விட்டது. இப்போது வாசலில் உட்கார்ந்து தையல் மிஷின்களைச் சரிபார்க்கிறார். மிஷின் மேல் உள்ளங்கையை வைத்துச் சக்கரத்தைச் சுற்றுவார். எங்கே இடிக்கிறது என்று கைக்குத் தெரிந்துவிடும். வேலை நேர்த்தியானது. ஆனால் எங்கள் தெருவிலிருந்து ஒரு மிஷின் அவரிடம் போகாது. அக்காவின் மிஷின் மக்கர் பண்ணினால்கூட என்னைத்தான் கூப்பிடுவாள். எனக்குத் தையல் மிஷினைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அதில் ஊசி குத்தும் என்பதுதான்.

காரணம், பழைய கதை. மில்லை மூடப்போகிறோம் என்று முதலாளிகள் அறிவித்தபோது, தறிகளை வெளியே கொண்டுபோக விடமாட்டோம் என்று ஜனங்கள் முன்கேட்டை அடைத்து உட்கார்ந்தார்கள். தறி உள்ளே இருக்கிறவரைக்கும்தான் பேரம். பின்கேட்டைச் சங்கமே பூட்டி, இருந்த ஒரே சாவியை எண்ணெய்க்காரர் கையில் கொடுத்தது, அவ்வளவு நம்பிக்கையான ஆள் என்று. ஒரு நாள் பெருமழையில் எல்லாரும் முன்கேட்டில் கூடாரத்துக்குள் ஒடுங்கியிருந்தபோது, பின்கேட்டு வழியாக லாரிகள் வந்து தறிகளை ஏற்றிக்கொண்டு போய்விட்டன. பூட்டு உடையவில்லை. சாவி போட்டுத் திறந்திருந்தது. அப்புறம் யாரைப் போய்ச் சந்தேகப்படுவது?

அவரை யாரும் அடிக்கவில்லை. மில்காரர்களுக்கு அதைவிடப் பெரிய தண்டனை ஒன்று உண்டு. முகம் திருப்பிவிட்டார்கள். அவர் வரும்போது எதிரில் இருப்பவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார், அல்லது கையால் வாயை மூடிக்கொள்வார். உதடு தெரியாவிட்டால் அவருக்கு உலகத்தில் பேச்சே இல்லை. காது கேட்கிறவனோடு பேசாமலிருந்தால் அது கோபம். காது கேளாதவனுக்கு முகத்தையும் மறைத்தால் அதற்கு என்ன பெயர் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பெண்டாட்டி முகம் ஒன்றுதான் அவருக்கு மிச்சம்.

இப்படி இருந்த தெருவுக்குத்தான் கேமராப் பொண்ணு வந்தாள்.

*

அவளோடு நாலைந்து பேர், ஒரு வேன், பெட்டி பெட்டியாகச் சாமான். காலியாகக் கிடக்கும் மில்லைக் கலைக்கூடம் ஆக்கப்போகிறார்களாம். தெரு ஜனங்களின் நினைவுகளைக் குரலாக எடுத்து, ஒவ்வொரு வீட்டு வாசலிலும் ஒரு சின்னப் பெட்டியில் வைப்பார்களாம். பொத்தானை அழுத்தினால் அந்த வீட்டுக்காரர் பேசுவார். மில்லின் பெரிய சுவரில் சாயங்காலம் சாயங்காலம் படம் விழும். தறியில் நூலைச் சுமந்து ஓடின பழைய நாடாக்கட்டைகளையெல்லாம் பொறுக்கி விளக்காக்கித் தொங்கவிடுவார்கள். "உங்க கதை உங்களுக்கே சொந்தம், நாங்க சும்மா கருவி" என்று முதல் கூட்டத்திலேயே சொன்னாள். எங்கள் தெருவுக்குச் சொந்தமென்று எதையாவது கொடுக்க ஒருத்தர் வருவது அதுதான் முதல் தடவை. ஜனங்கள் உருகிவிட்டார்கள்.

மேஸ்திரியைத் தெருக்கமிட்டித் தலைவர் ஆக்கினார்கள். கட்டடத்துச் சாவி அவரிடம்தானே இருந்தது. சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு அவர் கிளம்புகிற அழகைப் பார்க்க வேண்டும். வாசல் பெட்டிகளுக்கு ஒயர் இழுக்கிற வேலை எனக்கு வந்தது. அந்தப் பொண்ணைக் குறை சொல்ல முடியாது. மழையில் நனைந்துகொண்டு ஏணி பிடிப்பாள், பாட்டிமார் முதல் பால்காரர் வரை எல்லாருக்கும் செல்லம். அக்காவின் அடுப்படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தானே கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவாள். அக்காவுக்கே அவள்மேல் ஒரு பிரியம் விழுந்துவிட்டது.

ஆனாலும் பதிவுக்கு மட்டும் அக்கா பிடிகொடுக்கவில்லை.

"என் முகத்தையெல்லாம் படம் எடுக்காதே, கண்ணு. ஊர்ல அழகானவங்க எத்தனையோ பேர் இருக்காங்க."

"முகம் வராதுக்கா. குரல் மட்டும்தான். கேமரா சும்மா எங்க கணக்குக்கு, யார் எப்ப பேசினாங்கன்னு. சத்தியமா முகம் வெளிய போகாது."

"சத்தியம்னா?"

"சத்தியம்னா சத்தியம்தான்க்கா." பொண்ணு அக்காவின் கையைப் பிடித்து அதன்மேல் தன் கையை வைத்தாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பதிவு நடந்தது கூடத்தில். அக்கா மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டேன். பக்கத்து அறையில் மேஸ்திரி. எல்லார் வீட்டுப் பதிவிலும் தலைவர் கூடவே இருப்பார். கதவு பாதி திறந்திருந்தது. உள்ளே நாற்காலி கிறீச்சிடுவது கேட்டது. அக்கா முதன்முதலில் கொட்டகைக்குள் போன நாள், நூல் அறுந்தால் ஓடுகிற தறியிலேயே முடிச்சுப் போடுவது, நாலு தறிக்கு நடுவில் நடந்தே தேய்ந்த செருப்பு என்று சொல்லிக்கொண்டே போனாள். பஞ்சு பறந்து புருவமெல்லாம் வெளுத்து, வீட்டுக்கு வந்தால் பிள்ளை அடையாளம் தெரியாமல் அழுததைச் சொல்லிச் சிரித்தாள்.

அப்போது பொண்ணு கேட்டாள். "இத்தனை வருஷத்துல உங்களால மறக்கவே முடியாத நாள் எதுக்கா?"

அக்கா சிரிப்பை நிறுத்தினாள். பாதி திறந்த கதவைப் பார்த்தாள். அப்புறம் பொண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டு, உதட்டை அசைக்க ஆரம்பித்தாள். சத்தமே இல்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. உதடு நிதானமாக, ஒவ்வொரு சொல்லாக அசைந்தது. நான் ஏதோ ஸ்லோகம் சொல்கிறாள் என்று நினைத்தேன். முடித்துவிட்டு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்படி ஒண்ணும் இல்ல கண்ணு. எல்லா நாளும் ஒரே நாள்தான்" என்று வாய்விட்டுச் சொன்னாள்.

அவள் எழுந்தபோது தோளிலிருந்து ஏதோ இறங்கின மாதிரி இருந்தாள். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது. சொன்ன மாதிரியும் ஆயிற்று, சொல்லாத மாதிரியும் ஆயிற்று. உதட்டுப் பேச்சு தெரியாத ஒரு பெண்ணிடம், குரலை மட்டும் பிடிக்கிற மிஷினுக்கு முன்னால், குரல் இல்லாமல் சொல்லிவிட்டாள். முகம் வெளியே போகாது என்று சத்தியம் வேறு கையில் இருந்தது.

*

திறப்பு விழா ரெண்டு தடவை தள்ளிப்போனது. சுவர் காயவேண்டுமே. கடைசியில் ஒரு நாள் வானம் வெளுத்தது. மழை விட்டும் தூவானம் விடவில்லை என்றாலும், ஜனங்கள் குடையும் பலகையுமாக வந்து மில் முற்றத்தில் இடம் பிடித்துவிட்டார்கள். நாடாக்கட்டை விளக்குகள் எரிந்தன. தன் வாசல் பெட்டியை ஒவ்வொருத்தரும் பத்துத் தடவை அழுத்தித் தன் குரலையே கேட்டு, "நானா இப்படிக் கீச்சுக்கீச்சுன்னு பேசறேன்?" என்று சண்டை பிடித்த பின் வந்த கூட்டம் அது. எல்லாரும் சந்தோஷமாக இருந்தோம். அதைச் சொல்லத்தான் வேண்டும்.

என் பக்கத்தில் பஞ்சு மாமா உட்கார்ந்திருந்தார். மில்லின் பஞ்சு அறையில் இருந்தவர், வாய் ஓயாதவர். அக்கா பெண்கள் பக்கத்தில் முன்வரிசையில். மேஸ்திரி மேடையில், பெரிய மனிதர்களோடு. எண்ணெய்க்காரர் வழக்கம்போல எல்லாருக்கும் பின்னால், வேப்பமரத்தடியில் தனியாக நின்றார்.

சுவரில் பழைய கொட்டகைப் படங்கள் வந்தன. ஜனங்கள் பெயர் சொல்லிக் கூவினார்கள். அப்புறம் இருட்டு. அந்த இருட்டிலிருந்து, மூன்று மாடி உயரத்துக்கு, அக்காவின் முகம் வந்தது.

முகம் மட்டும். நான் பிடித்த வெளிச்சத்தில். கண்ணிலிருந்து இறங்கிய தண்ணீர், சுவரின் ஈரத்தோடு சேர்ந்து மின்னியது. சத்தம் கிடையாது. மேடையில் இருந்த பெரிய மனிதர்கள் ஆகா என்று சாய்ந்து உட்கார்ந்தார்கள். எனக்கும் முதலில் அழகாகத்தான் இருந்தது. பிறகு உதடு அசைய ஆரம்பித்தது. முற்றத்தில் இருந்த அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் நிமிர்ந்தன.

"என்ன மாமா?" என்றேன்.

பஞ்சு மாமாவின் உதடு தானாக அந்தப் பெரிய உதட்டோடு சேர்ந்து அசைந்தது. கையைப் பிடித்து உலுக்கினேன். குரல் வெளியே வந்தது.

"பின்கேட்டுச் சாவியை என் தங்கச்சி வீட்டுக்காரர் யார்கிட்டயும் குடுக்கல..." மாமா மூச்சு வாங்கினார். "லாரி வர்றதுக்கு முந்தின நாள் அவர் எங்க வீட்ல சாப்பிட்டுட்டு இருந்தார். நனைஞ்ச சட்டை ஆணியில தொங்கிச்சு. என் வீட்டுக்காரர் அந்தச் சட்டைப் பையிலேர்ந்து சாவியை எடுத்து, உள்ள போய் சோப்புல அமுக்கி அச்சு எடுத்துட்டு, திரும்பக் கொண்டாந்து போட்டார். நான் பரிமாறிக்கிட்டு இருந்தேன். பாத்தேன். பழி அவர் மேல விழுந்துச்சு. அப்பவும் பேசாம இருந்தேன். என் தங்கச்சி வந்து என் மடியில விழுந்து அழுதா. அப்பவும் பேசாம இருந்தேன்..."

முகம் கண்ணை மூடியது. இருட்டு. மேடையிலிருந்து கைதட்டல் கேட்டது. முற்றத்தில் ஒருத்தரும் தட்டவில்லை.

"அடப்பாவி" என்றார் மாமா. யாரை என்று தெரியவில்லை. "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்றவனைப் பாத்திருக்கேன். சோறு போட்ட வீடே ரெண்டகம் பண்ணி இப்பத்தாண்டா பாக்கறேன்."

கூட்டம் திரும்பியது. மேடையைப் பார்த்து இல்லை, பின்னால், மரத்தடியைப் பார்த்து. இத்தனை வருஷமாகச் சுவர்ப்பக்கம் போன முகங்கள் எல்லாம் ஒன்றாக எண்ணெய்க்காரர் பக்கம் திரும்பின. எத்தனையோ உதடுகள் அசைந்தன. அவர் அவற்றில் ஒன்றையும் படிக்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்து வேறு யாரோ ஒருத்தரின் தேய்ந்த கை படமாக வந்து போயிற்று. அவர் அதையும் பார்த்துக்கொண்டே நின்றார்.

முன்வரிசையில் அக்காவின் இடம் காலியாக இருந்தது.

*

மறுநாள் காலையில் மேஸ்திரி அடுப்படி வாசலில் உட்கார்ந்திருந்தார். சட்டை நேற்றுப் போட்டதேதான். நான் படியிறங்கினேன். நகர்ந்து வழிவிட்டார். அவர்கள் பேசட்டும் என்று நான் போயிருக்க வேண்டும். போக முடியவில்லை, காபி டம்ளரை அக்கா என் கையில் கொடுத்துவிட்டாள்.

"வெளியாள் காட்டிக்குடுத்தா தாங்கிக்கலாம்" என்றார் மேஸ்திரி. "கட்டினவ காட்டிக்குடுத்துட்டா."

"நீங்க பேசுங்க. நீங்கதான் பேசணும்" என்றாள் அக்கா.

"மில்லு எப்படியும் போறதுதானே? நான் சாவி குடுக்கலைன்னா மட்டும் நின்னுருக்குமா? எல்லாரும் நடுத்தெருவுல நிக்கறதுக்கு, ஒரு குடும்பமாவது நிக்காம இருக்கட்டும்னு நெனச்சேன். அந்த வேலையிலதானே ரெண்டு பிள்ளைங்களும் படிச்சாங்க? நீ அந்தச் சோத்தைச் சாப்பிடலையா?"

"சாப்பிட்டேன்."

"அப்புறம் என்ன?"

"சாப்பிட்டேன்னுதான் சொல்றேன். வேற என்ன சொல்ல?"

அவர் எழுந்தார். குடையை எடுத்தார், மழை இல்லை என்று பார்த்துவிட்டு வைத்தார், மறுபடி எடுத்துக்கொண்டு போனார். தெருவில் அவருக்கு எதிரில் வந்த பால்காரர் நின்று, நிதானமாகச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மேஸ்திரிக்குக் காது நன்றாகத்தான் கேட்கும். ஆனாலும் நடை தடுமாறியது.

கேமராப் பொண்ணு வந்தபோது அக்கா தலையணை உறைகளை எண்ணாமல் அடுக்கிக்கொண்டிருந்தாள். பொண்ணின் முகம் வீங்கியிருந்தது. யாரோ விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள்.

"அக்கா, அதுல நீங்க ஒண்ணுமே பேசலையேக்கா! சத்தமே இல்லையே. நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தேன். ஏதோ துக்கத்துல உதடு துடிக்குதுன்னு நெனச்சேன்."

"முகம் வராதுன்னியே, கண்ணு."

"ஆமாக்கா... ஆனா அது அவ்வளவு நல்லா வந்திருந்துச்சு. எடுத்துப் போட மனசே வரல. உங்களை நான் பெருமைப்படுத்தறதாத்தான் நெனச்சேன்."

"கையை வச்சு சத்தியம் பண்ணினியே."

பொண்ணு அழுதாள். அழுகை நிஜம்தான். இன்றைக்கே அந்தத் துண்டை எடுத்துவிடுகிறேன், மேலே பேசிவிட்டேன், இனி ஒரு நாளும் வராது என்றாள். அக்கா அவள் தலையைத் தடவி அனுப்பிவிட்டாள். போனதும் என்னைப் பார்த்தாள்.

"சுவருக்குக் காது உண்டுன்னு கேள்விப்பட்டிருக்கேன், தம்பி. வாய் முளைக்கும்னு யாரும் சொல்லலையே" என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை.

அன்று சாயங்காலம் நான் மட்டும் மில்லுக்குப் போனேன். எடுத்துவிட்டார்களா என்று பார்த்து வந்து சொல்லத்தான். நேற்றைவிடக் கூட்டம் அதிகம். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். விஷயம் பரவிவிட்டது. கொட்டகைப் படங்கள் முடிந்தன. இருட்டு. அக்காவின் முகம் வந்தது.

இந்தத் தடவை முகத்துக்குக் கீழே எழுத்து ஓடியது. கொட்டை எழுத்து. உதடு அசைய அசைய, பின்கேட்டுச் சாவியும் சட்டைப் பையும் சோப்பும் தங்கச்சியும் மடியும், சொல் தவறாமல். மில் பக்கமே போகாத என்னைப் போன்றவர்களும் படித்துக்கொள்ளலாம். அந்தப் பொண்ணுக்காக ஏணி பிடித்தவன் நான், ஒயர் இழுத்தவன் நான், விளக்குப் பிடித்தவனும் நானே.

மிஷின் அறைக்குள் போய் அவளைப் பிடித்தேன்.

"என்னம்மா இது? எடுத்துடறேன்னு சொல்லிட்டுத்தானே வந்தே?"

"எடுக்கத்தான் சொன்னேன். மேல இருக்கறவங்க விடல. இதுதான் உண்மையான வரலாறு, இதை எடுக்கறது மறைக்கறதுங்கறாங்க." என் முகத்தைப் பார்க்காமல் ஒயரைச் சுருட்டினாள். "அப்புறம்... இன்னொருத்தருக்கும் இதுல உரிமை இருக்குதே. அவங்க வந்து கேட்டாங்க. எடுக்காதேன்னு. வார்த்தை வார்த்தையா அவங்கதான் சொன்னாங்க, நான் எழுதினேன்."

"யாரு?"

"அக்காவோட தங்கச்சி."

*

வந்து சொன்னேன். அக்கா மிஷினை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். தங்கச்சி பெயர் வந்ததும் தலையை மட்டும் ஆட்டினாள்.

"அவ செஞ்சது சரிதான். போய் அவளைப் பாத்துட்டு வந்துடறேன். நீயும் வா, தம்பி. தனியாப் போனா வாசல்லயே விழுந்துடுவேன்."

எதிர்வீட்டுக்கு நாலு எட்டுதான். தெருவில் எல்லா வாசலிலும் ஆள் நின்றார்கள். யாரும் முகம் திருப்பவில்லை. அக்காவை என்ன செய்வது என்று தெரு இன்னும் முடிவு செய்யவில்லை. உண்மையை மறைத்தவளும் அவள்தான், உண்மையைச் சொன்னவளும் அவள்தான். கொஞ்சம் இரக்கம்கூட இருந்தது அந்த முகங்களில். புருஷனுக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தவள், பாவம், எப்படியோ சொல்லிவிட்டாளே என்று. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

தங்கச்சி உள்ளே ஈரத்துணியை உதறிக் கயிற்றில் போட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு துணியை உதறினாள்.

"ஏண்டி சின்னவளே" என்றாள் அக்கா.

"எல்லாரும் படிக்கணும்னுதான் எழுதச் சொன்னேன்" என்றாள் தங்கச்சி திரும்பாமலே. "எங்க வீட்டுக்காரர் பேர் எல்லார் வாயிலயும் கெட்டுச்சு. உதடு தெரிஞ்சவங்களுக்கு மட்டும் உண்மை தெரிஞ்சாப் போதுமா? உன் மடியில படுத்து அழுதேனேக்கா. என் தலையைத் தடவிக் குடுத்தியே. அந்தக் கை எப்படிக்கா கூசாம இருந்துச்சு?"

"கூசிச்சுடி. தினம் கூசிச்சு. அந்த மனுஷனுக்குப் பயந்து இருந்துட்டேன். பாத்தது மட்டும்தான் நான் செஞ்சது. பாத்துட்டுப் பேசாம இருந்தது மட்டும்தான். அதுக்கு நீ என்ன தண்டனை குடுத்தாலும்..."

வாசலில் மிஷின் பார்த்துக்கொண்டிருந்த எண்ணெய்க்காரர் எழுந்து உள்ளே வந்தார். எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்தார். அக்காவுக்கு நேர் எதிரில் வந்து நின்று, அவள் முகத்தைப் பார்த்தார். அவர் பேசியே நான் கேட்டதில்லை. காது கேளாதவர்கள் பேசுகிற மாதிரி உரக்கத்தான் பேசினார். தெரு முழுக்கக் கேட்டிருக்கும்.

"அக்கா, நேத்திலேர்ந்து அந்த நாளைத்தான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன். மீன் வறுத்திருந்தீங்க. சரிதானே?"

அக்கா தலையாட்டினாள்.

"நான் சீக்கிரம் போகணும்னு இருந்தேன். பின்கேட்டுல ஆள் இல்லை, மழை வேற. போதும்க்கா, கை கழுவறேன்னு எழுந்துட்டேன். சட்டையை எடுக்க ஆணிப்பக்கம் திரும்பினேன்." அவர் நிறுத்தி, அந்தத் திரும்பலைச் செய்து பார்க்கிறவர் போலப் பாதி திரும்பி நின்றார். பிறகு மறுபடி நேராக வந்தார். "நீங்க வந்து என் தோளைப் பிடிச்சு உக்கார வச்சீங்க. இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க மாப்பிள்ளை, இன்னொரு துண்டு மீன் இருக்குதுன்னீங்க. முள்ளை எடுத்து எடுத்து நீங்களே தட்டுல வச்சீங்க. எங்கம்மாகூட எனக்கு அப்படி முள் எடுத்துக் குடுத்ததில்லை. இத்தனை வருஷமா, தெருவே முகத்தைத் திருப்பினப்பவும், அந்த ஒரு துண்டு மீனை நெனச்சுத்தான் உங்க மேல மட்டும் எனக்கு வருத்தமே வரல."

துணி உதறுகிற சத்தம் நின்றுவிட்டது. தங்கச்சி திரும்பி நின்றாள்.

"அந்தச் சாவி அப்ப பையில இல்லை, அப்படித்தானே?" என்றார் எண்ணெய்க்காரர். "அது உள்ள சோப்புல இருந்துச்சு. அதுக்காகத்தான் உக்கார வச்சீங்களா?"

குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவர் கேட்கிற மாதிரித்தான் கேட்டார். கேட்டுவிட்டு, பதிலுக்காக அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

நாலுதறியக்கா கையைத் தூக்கித் தன் வாயை மூடிக்கொண்டாள்.